இந்தியா இழுக்குமா?

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வாசிகசாலைக்குப் புது ரீவி வாங்குகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சிலர் காசு அனுப்பியிருந்தார்கள். கம்பஸ் பிள்ளைகள் என்பதால் எதை எடுக்கலாம் என்று எங்களிடம் கேட்டார்கள். நாங்களும் பெரிய ஆட்கள்போல அன்ட்ரொய்ட், ரைசன், வெப் ஓஎஸ் என்று விளக்கத் தொடங்கினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பு கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"அதெல்லாம் சரி தம்பி, இதில இந்தியா இழுக்குமா?"

சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தால், மன்னாரில் ரீவியின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஸ்மார்ட் ரீவிக்கு எந்த இயங்குதளம் நல்லது என்று தேடினால் வேகம், அழகு, எத்தனை செயலி என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அப்புவின் கேள்வியில் இருந்து தொடங்கினால் வேறொரு கணக்கு வருகிறது.

தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். 1914இல் தொடங்கிய கப்பல் சேவை இரண்டு கரையையும் இணைத்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றுபோனது. ஆட்கள் போய்வருவது நின்றாலும் அலைவரிசைகள் நிற்கவில்லை.

முதலில் அலை இந்தப் பக்கத்தில் இருந்துதான் அங்கே போனது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் அக்கரையில் வீட்டுப் பெயர்களாக இருந்தன. ரீவி வந்ததும் திசை மாறியது. இலங்கையில் ஐ.ரி.என். 1979இலும், ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. சென்னையில் தூர்தர்ஷன் 1975இலேயே வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் இருந்த ஒளிபரப்பி எங்கட கரைவரைக்கும் எட்டியது. பிறகு ராமேஸ்வரத்திலேயே 323 மீற்றர் உயரத்தில் ஒரு கோபுரம் எழும்பியது. ஈஃபில் கோபுரத்தைவிட ஏழு மீற்றர்தான் குறைவு.

பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை என்று எந்தக் கரையோர ஊரில் கேட்டாலும் மூத்தவர்கள் ஒரே காட்சியைத்தான் சொல்லுவார்கள். கூரைக்கு மேலே நீளமான பைப், அதன் நுனியில் அலுமினிய அன்ரனா. ஒருவர் மேலே நின்று பைப்பைத் திருப்புவார். வாசலில் ஒரு பிள்ளை நிற்கும். உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், விடு விடு" என்று சத்தம் வரும். வாசலில் நிற்கிற பிள்ளை அதை மேலே கடத்தும். காற்று அடித்தால் மறுபடி முதலில் இருந்து. காற்று விழுந்து கடல் அமைதியாக இருக்கிற சூடான நாட்களில் படம் கண்ணாடிபோல வரும். வெப்பமான காற்று கடலுக்கு மேலே ஒரு படையாக நின்று அலைகளைத் தாழ்த்தி வளைப்பதால் அவை வழக்கத்தைவிடத் தூரம் போகும் என்பது நாங்கள் பிறகு படித்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஒரு வீட்டு முற்றத்தில் தெருவே கூடும் என்பது அவர்கள் சொன்னது.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த ரீவிக்கு எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாது. இந்தியாவும் இலங்கையும் பால் என்ற ஒரே வகை ஒளிபரப்பு முறையைப் பயன்படுத்தின. அதனால் கொழும்புக்காக விற்ற பெட்டி ராமேஸ்வரத்தையும் காட்டியது. எதைப் பார்ப்பது என்பதைக் கடைசியில் தீர்மானித்தது பைப்பைப் பிடித்திருந்த கை.

யுத்த காலத்தில் கறண்ட் இல்லாதபோதும் அந்தக் கை ஓயவில்லை. கார் பற்றரியிலும் மண்ணெண்ணெய் ஊற்றிய ஜெனரேற்றரிலும் ரீவி ஓடியது. ஆனால் அந்தப் பைப்புகளின் கதையை இனிமையான நினைவாக மட்டும் எழுத ஏலாது. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி உட்பட வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரில் இருந்து போனவர்களில் பலர் புத்தளத்தில் அகதியானார்கள். அன்ரனா நின்ற வீடுகளில் ஆட்கள் இல்லாமல் போனது. இன்னும் பலர் இரவில் படகேறி, ரீவியில் பார்த்த அதே கரைக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, அங்கே இருந்து இங்கத்தைய செய்திக்குக் காத்திருந்தார்கள். இந்தியா இழுக்குமா என்ற கேள்விக்குள் சினிமாப் பாட்டும் இருக்கிறது, உறவுகளும் இருக்கிறார்கள்.

1993இல் சன் ரீவி வந்தது. பிறகு வீடுகளுக்கு மேலே பைப்புக்குப் பதிலாக டிஷ் வந்தது. படம் தெளிவாகியது. அதோடு முதன்முதலாக ஒரு அனுமதியும் வந்தது. பெட்டிக்குள் ஒரு கார்ட், கார்டுக்கு மாதக் காசு. காசு கட்டாவிட்டால் அங்கே எங்கோ இருக்கிற ஒருவர் நிறுத்திவிடலாம். தரைவழி டிஜிட்டலிலும் இரண்டு கரையும் பிரிந்தன. இந்தியா ஐரோப்பிய டிவிபி முறையை எடுத்தது. இலங்கை 2014இல் ஜப்பானிய ஐஎஸ்டிபி முறையைத் தெரிவுசெய்தது. அது வருஷக்கணக்காக இழுபட்டது வேறு கதை. ஒரு முறைக்குச் செய்த ரியூனர் மற்றதைப் பிடிக்காது. இனி பைப்பை எவ்வளவு திருப்பினாலும் அந்தப் பழைய தற்செயல் நடக்காது.

இப்போது ஸ்மார்ட் ரீவி. பெட்டியைப் பிரித்து முதன்முதலாகப் போட்டதும் அது கேட்கிற முதற் கேள்விகளில் ஒன்று, நீங்கள் எந்த நாடு என்பது. நாட்டைச் சொன்னதும் எந்தச் செயலி கிடைக்கும், எந்தப் படம் கிடைக்கும் என்பது பெருமளவுக்கு முடிந்துவிடும். அக்கரையின் விளக்கு வெளிச்சம் கடற்கரையில் நின்று பார்த்தால் தெரிகிற ஊரிலும், 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று திரை சொல்லும். 30 கிலோமீற்றர் தூரத்தை அலை கடந்தது, அந்த ஒரு வரி கடக்கவிடாது.

இந்த இயங்குதளங்களின் சொந்த வரலாறும் பார்க்க வேண்டியதுதான். வெப் ஓஎஸ் 2009இல் பாம் கொம்பனியின் கைத்தொலைபேசிக்காகப் பிறந்தது. 2010இல் எச்.பி. பாமை வாங்கியது, அடுத்த வருஷமே அந்தக் கருவிகளைக் கைவிட்டது. 2013இல் எல்ஜி வாங்கி, 2014இல் ரீவிக்குள் போட்டது. அதே 2014இல் கூகுள் அன்ட்ரொய்ட் ரீவியை அறிமுகப்படுத்தியது. 2015இல் சாம்சுங் தன் ரீவிகளை ரைசனுக்கு மாற்றியது. பனசொனிக் அதே வருஷம் பயர்பொக்ஸ் ஓஎஸ்ஸை எடுத்தது. கொஞ்ச நாளிலேயே மொசில்லா அந்த முயற்சியில் இருந்து ஒதுங்கிக்கொண்டது. ஐந்தாறு வருஷத்துக்குள் இத்தனை கைமாற்றம். ஒரு ரீவியைப் பத்து வருஷம் பாவிக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கிய பொருளைப் பிறகு சுருக்கவும் முடியும். 2015இல் பழைய ஸ்மார்ட் ரீவிகள் பலவற்றில் யூரியூப் செயலி நின்றது. 2019 டிசம்பரில் 2010, 2011 கால சாம்சுங் ரீவிகள் சிலவற்றில் நெற்ஃப்ளிக்ஸ் நின்றது. கண்ணாடி உடையவில்லை, படம் மங்கவில்லை, மென்பொருள்தான் கைவிட்டது. எங்களில் ஒருவரின் வீட்டிலும் இதுதான் நடந்தது. மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த ரீவியில் நாலாம் வருஷம் யூரியூப் திறக்கவில்லை. அம்மம்மா ரிமோட்தான் பழுது என்று நினைத்து இரண்டுதரம் பற்றரி மாற்றினா.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு நாங்கள் ரீவியைப் பார்த்தோம், இப்போது அதுவும் எங்களைப் பார்க்கிறது. அமெரிக்காவில் விசியோ என்ற கொம்பனி, ஒரு கோடியே பத்து இலட்சம் ரீவிகளில் ஆட்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சரியான சம்மதம் இல்லாமல் சேகரித்ததற்காக 2017இல் 22 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. மலிவுப் பெட்டிகளும் ஆபத்தில்லாதவை அல்ல. பெயர் தெரியாத அன்ட்ரொய்ட் பெட்டிகள் சில தொழிற்சாலையில் இருந்தே தீநிரலோடு வருவதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025இல் எச்சரித்தது.

அப்போ வாசிகசாலைக்கு எது? நாங்கள் இரண்டு நாள் வாதாடி இந்த முடிவுக்கு வந்தோம். இயங்குதளத்துக்காக ரீவியைத் தெரிவுசெய்ய வேண்டாம். நல்ல திரை, இரண்டு மூன்று எச்டிஎம்ஐ துளை, எங்கட அன்ரனாவையும் பென் டிரைவையும் இன்ரநெற் இல்லாமலே ஏற்கிற பெட்டி. இதுதான் முதல். இங்கே டேற்றா கார்ட் போட்டுத்தான் இன்ரநெற், மாதக் கடைசியில் அதுவும் இருக்காது. இயங்குதளம் தேவையென்றால் கூகுளின் சான்றிதழ் உள்ள ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கிச் செருகலாம். நாலு வருஷத்தில் அது செத்தால் அதை மட்டும் மாற்றலாம், திரை மிஞ்சும். கடையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எத்தனை வருஷம் அப்டேட் வரும், மெனு தமிழில் வருமா, நாங்கள் பார்ப்பதைக் கவனிக்கிற வசதியை எங்கே நிறுத்துவது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே ரிமோட்டை வாங்கித் தேடிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அப்புவிடம் வாசித்துக் காட்டினோம். அவர் மறுபடி கேட்டார், "முடிவா சொல்லுங்கோ, இந்தியா இழுக்குமா?"

"யூரியூப்பில வரும் அப்பு. ஆனா எது வரும், எது வராது எண்டு நாங்கள் திருப்ப ஏலாது."

கொஞ்சநேரம் மேலே பார்த்தார். வாசிகசாலைக் கூரையில் துருப்பிடித்த பழைய பைப் இன்னும் நிற்கிறது. ரூபவாஹினி அதில்தான் வருகிறது.

"அப்ப அதைக் கழட்ட வேண்டாம்" என்றார்.

ரீவி வந்துவிட்டது. பைப்புக்குப் போன கிழமை வெள்ளைப் பெயின்ற் அடித்தோம்.