கூப்பிடாமல் வரும் அவுட்லுக்: ஒரு டிபோல்டின் வரலாறு

வேலைவாய்ப்பு அறிவித்தல் ஒன்றின் கீழே "விண்ணப்பத்தை அனுப்ப இங்கே அழுத்தவும்" என்று இருக்கும். அழுத்தினால் ஜிமெயில் திறக்காது. வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பாவிக்காத அவுட்லுக் மெல்ல மெல்ல எழும்பி வந்து, கணக்கொன்றை உருவாக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கும். இல்லாட்டி, இந்த வேலைக்கு மின்னஞ்சல் செயலி எதுவும் இணைக்கப்படவில்லை என்று ஒரு பெட்டி வரும். இல்லாட்டி ஒண்டுமே நடக்காது. கனபேர் அந்த இடத்திலேயே "இந்த சைட் வேலை செய்யேல்ல" எண்டு சொல்லி மூடிவிடுகிறார்கள். விண்ணப்ப முடிவுத் திகதியும் போய்விடுகிறது.

சைட்டில் பிழை இல்லை. கணினியும் பெரும்பாலும் பழுதாகியிருக்காது. அந்தக் கணினியில் மின்னஞ்சலை எது அனுப்ப வேண்டும் என்பதை யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், அல்லது முடிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள். இதைத்தான் டிபோல்ட் என்கிறோம். கணினித் தமிழில் இயல்புநிலை என்று எழுதுவார்கள். ஆனால் இதில் தானாக அமைந்த இயல்பு ஒன்றும் கிடையாது. இதற்குப் பின்னால் முப்பது வருட இழுபறியும், ஒரு நீதிமன்ற வழக்கும் இருக்கின்றன.

தபாலகம் வீட்டுக்குள் வந்தது

1971இல் ரே டொம்லின்சன் வலையமைப்பு வழியாக ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். அந்தக் காலத்திலும் அதற்குப் பின் பல வருடங்களும் கடிதம் நிறுவனத்தின் பெரிய கணினிக்குள்தான் கிடந்தது. வாசிக்க வேண்டுமானால் அந்தக் கணினிக்குள் நுழைய வேண்டும். எந்தச் செயலியால் வாசிப்பது என்பது வீட்டுப் பிரச்சினையே இல்லை, ஏனெண்டால் வீட்டில் கணினியே இல்லை.

1984இல் 'போஸ்ட் ஒஃபிஸ் புரொட்டோக்கோல்' என்ற விதிமுறை வந்தது. இன்றும் பொப் என்று அமைப்புகளில் பார்க்கிறோமே, அதுதான். பெரிய கணினி தபாலகம் போலக் கடிதங்களை வைத்திருக்கும். உங்கள் சிறிய கணினி போய் எடுத்துக்கொண்டு வரும். எடுத்துவர ஒரு ஆள் வேண்டுமே? அந்த ஆள்தான் மின்னஞ்சல் செயலி. 1988இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய 'யூடோரா' அவற்றில் புகழ்பெற்றது. தபாலகத்திலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்ற்றி என்ற எழுத்தாளரின் பெயரையே அவர் அதற்கு வைத்தார்.

இந்தச் செயலிகள் தொலைபேசி வழி இணையத்துக்கு நன்றாகப் பொருந்தின. லைனைப் போடு, கடிதத்தை இறக்கு, லைனை வெட்டு. ஆறுதலாக வாசித்துப் பதில் எழுதி 'அவுட்பொக்ஸ்' என்ற பெட்டியில் போட்டு வை. அடுத்த முறை லைன் போடும்போது அது போகும். நிமிடத்துக்குக் காசு ஓடும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வீடு, ஒரு கணினி, ஒரு தொலைபேசி லைன், ஒரு உரிமையாளர். இந்தச் சித்திரத்தை வைத்துத்தான் பின்னால் வந்த எல்லாம் கட்டப்பட்டன.

காலியாக விட்ட நாற்காலி

1994 டிசம்பரில் இணைய முகவரிகளுக்கான ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணம் வெளியானது. எழுதியவர்களில் ஒருவர் வைய விரிவலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ. எச்டிடிபி, எஃப்டிபி போன்றவற்றுடன் 'மெயில்டூ' என்பதும் அதில் வரையறுக்கப்பட்டது. மற்ற முகவரிகள் எங்கே போய் எதை எடுப்பது என்று சொல்கின்றன. மெயில்டூ எங்கேயும் போகச் சொல்வதில்லை. இந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுது என்று மட்டும் சொல்கிறது. எதைக் கொண்டு எழுதுவது என்பது வாசகரின் கணினியின் பாடு. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2368 இதை விரித்தது. தலைப்பையும் கடிதத்தின் உடலையும்கூட இணைப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அதை எழுதிய மூவரில் ஒருவர் ஜேமி சவின்ஸ்கி, நெற்ஸ்கேப்பின் மின்னஞ்சல் செயலியில் வேலை செய்தவர்.

யோசித்துப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடு. எந்தச் செயலி என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும் என்று ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். காலி நாற்காலியைக் கண்டால் கொம்பனிகள் சும்மா இருக்குமா?

விண்டோஸில் இன்னொரு கதவும் இருந்தது. ஒரு கோப்பில் வலது பக்க பட்டனை அழுத்தி, அஞ்சலில் அனுப்பு என்று கொடுத்தால் அது மெயில்டூ வழியாகப் போவதில்லை. 'மாப்பி' என்ற மைக்ரோசொஃப்ட்டின் இடைமுகம் வழியாகப் போகிறது. இரண்டு கதவுக்கும் இரண்டு பூட்டு. ஒன்றைத் திருத்திய பிறகும் மற்றது அடம்பிடிப்பது இதனால்தான்.

நாற்காலிச் சண்டை

1996 அளவில் நெற்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பு உலாவிக்குள்ளேயே மின்னஞ்சலையும் வைத்துத் தந்தது. அதே வருடம் மைக்ரோசொஃப்ட் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 3 உடன் 'இன்ரர்நெற் மெயில் அன்ட் நியூஸ்' என்ற செயலியைக் கொடுத்தது. 1997இல் நான்காம் பதிப்புடன் அதன் பெயர் 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' ஆனது. அடுத்த வருடம் விண்டோஸ் 98 வாங்கியவர்களுக்கு அது கேட்காமலே கிடைத்தது. ஒஃபிஸ் பொதியோடு வரும் அவுட்லுக் வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் இன்றுவரை ஆட்கள் குழம்புகிறார்கள்.

1998 மே 18இல் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசொஃப்ட்டுக்கு எதிராக வழக்குப் போட்டன. பிரதான பிரச்சினை உலாவி. இயங்குதளத்தில் இருக்கும் ஏகபோகத்தை வைத்து நெற்ஸ்கேப்பை நெரித்தது என்பதே குற்றச்சாட்டு. கொம்பனியை இரண்டாக உடைக்கும்படி நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜக்சன் 2000 ஜூனில் உத்தரவிட்டார். அடுத்த வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்ற முடிவை ஏற்றுக்கொண்டாலும், உடைக்கும் உத்தரவை நீக்கியது. இறுதியில் 2002 நவம்பரில் வந்த தீர்ப்பு சமரசத்தின் அடிப்படையில் அமைந்தது.

எங்கள் கதைக்கு முக்கியமான இடம் இதுதான். பாவனையாளரும் கணினி தயாரிப்பாளரும் மறைக்கவும் மாற்றவும் முடிய வேண்டிய செயலிகளின் பட்டியலில் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் இருந்தது. சமரசத்தை நிறைவேற்ற, விண்டோஸ் எக்ஸ்பியின் முதலாவது சேர்விஸ் பக்கில் ஒரு புதிய ஜன்னல் வந்தது. உலாவி, மின்னஞ்சல், மீடியா பிளேயர், உடனடிச் செய்தி, ஜாவா என ஐந்து வகைக்கும் எது டிபோல்ட் என்று தெரிவு செய்யலாம். இன்று நாங்கள் அமைப்புகளில் காணும் டிபோல்ட் அப்ஸ் பக்கம் அந்த ஜன்னலின் வாரிசு. ஆனால் மறைக்கத்தான் முடிந்தது. குறும்படம் காணாமல் போகும், செயலி உள்ளேயே இருக்கும்.

அதே காலத்தில் டிபோல்டின் இன்னொரு முகமும் வெளிப்பட்டது. 1999 மார்ச்சில் 'மெலிசா' வைரஸ் வேர்ட் கோப்புக்குள் ஒளிந்து வந்து, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் ஐம்பது முகவரிகளுக்குத் தன்னைத்தானே அனுப்பியது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் இருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' புழு முகவரிப் புத்தகம் முழுவதற்கும் போனது. அதற்கு உதவியது இன்னொரு டிபோல்ட். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துக் காட்டும். ஆகவே வந்தது கட்டளைக் கோப்பு என்று தெரியாமல் சாதாரணக் கடிதம் என்றே ஆட்கள் திறந்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுப் போட்டால் கள்ளனுக்கு ஒரு திறப்புப் போதும்.

நாங்கள் வந்த பாதை வேறு

இலங்கைக்கு மின்னஞ்சல் முதலில் பல்கலைக்கழகங்கள் வழியாக, லேர்ன் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் மூலம் வந்தது. வர்த்தக இணையச் சேவை 1995இல் தொடங்கியது. கொழும்பில் தொலைபேசியும் கணினியும் இருந்த வீடுகள் சில, மேலே சொன்ன சித்திரத்துக்குள் அடங்கின. வடக்குக் கிழக்கில் போர். கணினிக்கு முதல் கரண்ட் வேண்டும், லைன் வேண்டும். 2002 போர்நிறுத்தமும் ஏ9 பாதைத் திறப்பும் வந்த பிறகு, வெளிநாட்டுக்குக் கதைக்கக் கொமினிகேசனுக்குப் போன சனம் மெல்ல மெல்ல நெற் கஃபேக்குப் போகத் தொடங்கியது.

நெற் கஃபேயில் ஒரு கதிரையில் நாளுக்கு எத்தனையோ பேர் இருந்து எழும்புவார்கள். அங்கே அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு என்ன வேலை? கடிதத்தை இறக்கினால் அடுத்தவர் வாசிப்பார். எங்களுக்கு உதவியது ஹொட்மெயிலும் யாகூவும். 1996 ஜூலை 4இல் சபீர் பாட்டியாவும் ஜக் சிமித்தும் ஹொட்மெயிலைத் தொடங்கியபோது வைத்த எண்ணமே, எந்தக் கணினியில் இருந்தும் உலாவி வழியாக அஞ்சலைப் பார்க்கலாம் என்பதுதான். அடுத்த வருடமே மைக்ரோசொஃப்ட் அதை வாங்கிவிட்டது. 2004 ஏப்ரல் 1இல் ஒரு ஜிகாபைட் இடத்துடன் ஜிமெயில் வந்தது. பிறகு அன்ட்ரொயிட் போன், அதோடு கூகுள் கணக்கு.

இப்படி எங்களில் பெரும்பாலானோர் மின்னஞ்சல் செயலி என்ற கட்டத்தைக் கடக்காமலே மின்னஞ்சலுக்குள் வந்தவர்கள். ஆனால் வீட்டுக்கு வாங்கிய கணினிக்கு அது தெரியாது. அது இன்னும் ஒரு வீடு, ஒரு உரிமையாளர் என்ற பழைய சித்திரத்தை வைத்துக்கொண்டு அவுட்லுக்கை எழுப்புகிறது. அண்ணாவின் கணக்கு அதில் கிடந்தால் தங்கச்சியின் விண்ணப்பம் அண்ணாவின் பெயரில் போகும். கணக்குச் சரியாக இணைக்கப்படாவிட்டால் கடிதம் அவுட்பொக்ஸிலேயே படுத்திருக்கும். அனுப்பியவர் அனுப்பியாயிற்று என்று நினைத்துப் பதிலுக்குக் காத்திருப்பார்.

செயலி போனது, நாற்காலி போகவில்லை

2009இல் வந்த விண்டோஸ் 7இல் மின்னஞ்சல் செயலியே இல்லை. வேண்டியவர் தனியாக இறக்க வேண்டும். செயலி இணைக்கப்படவில்லை என்ற பெட்டியை உலகம் அதிகம் பார்க்கத் தொடங்கிய காலம் அது. அதற்கு முதலே, 2008 ஜூனில், ஃபயர்பொக்ஸ் 3 ஒரு வழியைத் திறந்திருந்தது: மெயில்டூ இணைப்பை இணையவழி அஞ்சலுக்கே கொடுக்கலாம். ஆனால் மாப்பி என்ற இரண்டாம் கதவால் ஜிமெயில் இணையத்தளம் உள்ளே வர முடியாது.

2015இல் விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய தெரிவுகளை அது அழித்துவிடுகிறது, மீண்டும் மாற்றுவதையும் கடினமாக்குகிறது என்று மொசில்லாவின் தலைவர் கிறிஸ் பியேட், சத்யா நாதெல்லாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்பிளும் குறைந்ததல்ல. மக் கணினியில் இன்னொரு செயலியை டிபோல்ட் ஆக்கும் தெரிவை அப்பிளின் சொந்த மெயில் செயலிக்குள்ளேயே நீண்டகாலம் வைத்திருந்தார்கள். வேண்டாம் எண்டு சொல்லவும் அதைத் திறக்க வேண்டும். ஐபோனில் வேறு மின்னஞ்சல் செயலியை டிபோல்ட் ஆக்கும் உரிமை 2020இல் ஐஓஎஸ் 14 உடன்தான் கிடைத்தது. தொடக்கத்தில் போனை நிறுத்திப் போட்டால் தெரிவு பழையபடி மாறிவிட, உடனே ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 2024 டிசம்பர் 31உடன் விண்டோஸின் மெயில் செயலிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டு, பாவனையாளர்கள் புதிய அவுட்லுக்குக்கு அனுப்பப்பட்டார்கள்.

இப்ப என்ன செய்யலாம்?

ஜிமெயில் பாவிப்பவருக்கு விண்டோஸில் இரண்டு படி இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்துவிட்டுச் சரிவரவில்லை என்று விடுவதே பொதுவான சிக்கல். முதலாவது, மெயில்டூவை விண்டோஸ் உலாவியிடம் கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்ஸ், அதற்குள் டிபோல்ட் அப்ஸ். விண்டோஸ் 10இல் ஈமெயில் என்ற இடத்தில் குரோமையோ ஃபயர்பொக்ஸையோ தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11இல் தேடல் பெட்டியில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். இரண்டாவது, உலாவி அதை ஜிமெயிலிடம் கொடுக்க வேண்டும். ஃபயர்பொக்ஸில் செட்டிங்ஸின் ஜெனரல் பக்கத்தில், அப்ளிக்கேஷன்ஸ் பட்டியலில் மெயில்டூவுக்கு எதிரே ஜிமெயிலை வையுங்கள். குரோமில் 'புரொட்டோக்கோல் ஹான்ட்லர்ஸ்' என்ற அனுமதியைச் செட்டிங்ஸில் தேடித் திறந்துவிட்டு, ஜிமெயிலுக்குப் போனால் முகவரிப் பட்டையில் கேட்கும்.

கோப்பில் இருந்து நேரடியாக அனுப்புவது முக்கியம் என்றால் தண்டர்பேர்ட் போன்ற செயலி ஒன்றைப் போட்டு, அதையே டிபோல்ட் ஆக்குவது நல்லது. அது இரண்டு கதவையும் பார்த்துக்கொள்ளும். பலர் பாவிக்கும் கணினி என்றால் இந்த ஒன்றும் வேண்டாம். இணைப்பில் வலது பட்டனை அழுத்தி முகவரியைப் பிரதி எடுத்து, உங்கள் கணக்கில் ஒட்டி அனுப்புங்கள். அனுப்பிய பின் 'சென்ற்' பெட்டியில் இருக்கிறதா என்று ஒருக்காப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள், அறிவித்தல் போடுகிறவர்களுக்கு. சனசமூக நிலையமோ, பாடசாலையோ, சங்கமோ, ஒரு பட்டனுக்குள் முகவரியை ஒளித்து வைக்காதீர்கள். அந்தப் பட்டன் வேலை செய்ய, வாசிக்கிறவரின் வீட்டில் யாரோ சரியான தெரிவைச் செய்திருக்க வேண்டும். முகவரியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுத்திலும் போட்டுவிடுங்கள். போனில் பார்ப்பவரும், நெற் கஃபேயில் பார்ப்பவரும், கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறவரும் அதைப் பாவிக்கலாம்.