இடிந்த சுவரைப் படமெடுப்போர் கவனத்திற்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலேசியாவில் வளர்ந்த தமிழர் எவருக்கும் ஓர் ஊர்ப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளியில் ஒரு பையன் சற்று வித்தியாசமாகப் பேசிவிட்டால் போதும், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்டா" என்று பக்கத்துப் பையன் சொல்வான். வகுப்பே சிரிக்கும். ஈப்போவுக்கு அருகே, கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கும் அழகான சிற்றூர் அது. அங்கே இருக்கும் ஒரு மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது.

இன்றைய தலைப்பு புகைப்படமும் பாழடைந்த மருத்துவமனைகளும். கைவிடப்பட்ட மனநல மருத்துவமனைகளைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது உலகெங்கும் இளைஞர்களிடம் ஒரு மோகமாகியிருக்கிறது. நம் பிள்ளைகளும் அதற்கு விலக்கல்ல. பேரா மாநிலம் என்றதும் அவர்கள் முதலில் கேட்பது, "தஞ்சோங் ரம்புத்தானில் பேய் வார்டு எங்கே இருக்கிறது?" என்பதுதான்.

முதலில் ஒரு தவற்றைத் திருத்திவிடுகிறேன். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை பாழடைந்த இடம் அல்ல. அது இன்றும் இயங்குகிறது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், குணமடைந்து வீடு திரும்புகிற நோயாளிகள் இருக்கிறார்கள். அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு பேய் தேடிப் போவது, யாரோ ஒருவருடைய அம்மா படுத்திருக்கும் அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

ஒரு மருத்துவமனையின் கதை

1896-இல் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. அந்த மாநிலங்களின் மனநோயாளிகளுக்காக 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு காப்பகம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். அது ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம். தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். கிந்தாவின் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் வந்ததும் அதே அலைதான்.

ஊரை விட்டு, உறவை விட்டு, மொழி தெரியாத காட்டில் வந்து விழுந்த மனிதனின் மனம் என்னவாகும்? மலேரியாக் காய்ச்சல் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம், கள்ளுக்கடை ஒரு பக்கம். மனம் உடைந்தவனைத் தாங்கிப் பிடிக்க அண்ணன் இல்லை, மாமன் இல்லை. ஊரில் இருந்திருந்தால் திண்ணையில் உட்கார வைத்து ஒரு வாய்ச் சோறு போட்டிருப்பார்கள். இங்கே லயத்தில் அதற்கு இடமில்லை. முதலில் பூசாரி, அடுத்துத் தோட்டத்து டிரெசர், அதற்கும் மேல் போனால் வண்டியில் ஏற்றித் தஞ்சோங் ரம்புத்தான். ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. நோய் தீராததால் மட்டும் அல்ல, திரும்பிப் போக ஒரு வீடு இல்லாததாலும்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஊரில் இருந்தவர்களுக்கே மரவள்ளிக் கிழங்குதான் சோறு. மருந்தும் உணவும் இல்லாமல் அந்த மருத்துவமனையிலும் ஏராளமான நோயாளிகள் மாண்டார்கள். அதே ஆண்டுகளில்தான் நம்மவர்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே மாண்டவர்களைப் பற்றியாவது இன்று பேசுகிறோம். மருத்துவமனைச் சுவர்களுக்குள் பசியால் மாண்டவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

யுத்தத்துக்குப் பின் கூட்டம் மறுபடியும் பெருகியது. ஆனால் 1950களில் மருத்துவ உலகில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திப் பலன் கண்டார்கள். கட்டிப்போட வேண்டியிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள். மெல்ல மெல்லப் பொது மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவுகள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்று பெயர் சூட்டினார்கள். மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் நாக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

கேமரா செய்த நன்மையும் தீமையும்

படம் எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மனநல மருத்துவத்தின் வரலாற்றில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1850களிலேயே இங்கிலாந்தின் சர்ரே மாவட்டக் காப்பகத்தில் ஹியூ டயமண்ட் என்ற மருத்துவர் தம் நோயாளிகளைப் படம் எடுத்தார். முகத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை பொய்த்தது. படங்கள் மட்டும் நின்றன.

1946-இல் அமெரிக்காவில் 'லைஃப்' இதழ் ஒரு கட்டுரையை வெளியிட்டது. பிலடெல்பியாவின் பைபெரி மனநல மருத்துவமனையில் ஊழியராக இருந்த சார்ல்ஸ் லார்ட் என்ற இளைஞர் இரகசியமாக எடுத்த படங்கள் அதில் இருந்தன. போருக்குப் போக மறுத்ததால் அந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். ஆடையின்றித் தரையில் கிடந்த நோயாளிகளை அந்த நாடே பார்த்தது, வெட்கப்பட்டது. சீர்திருத்தத்துக்குக் குரல் எழுந்தது. இத்தாலியிலும் அப்படித்தான். கார்லா செராட்டி, ஜான்னி பெரெங்கோ கார்டின் என்ற இருவர் எடுத்த படங்கள் 1969-இல் நூலாக வந்தன. மருத்துவர் பிராங்கோ பசாலியா நடத்திய இயக்கத்துக்கு அவை துணையாக நின்றன. 1978-இல் காப்பகங்களை மூடும் சட்டத்தை இத்தாலி இயற்றியது.

அதே பைபெரி 1990-இல் மூடப்பட்டது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? இளைஞர்கள் இரவில் சுவரேறிக் குதித்தார்கள், சாகசம் தேடினார்கள், பேய்க்கதை பரப்பினார்கள். 2006-இல் இடித்துத் தள்ளும்வரை இது ஓயவில்லை. ஒரே இடம்தான். முதலில் போன கேமரா மனிதனைப் பார்த்தது. பின்னால் போன கேமரா பேயைத் தேடியது. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்டு மனநல மருத்துவமனை 1995-இல் மூடப்பட்டபோது, அதன் பரணில் ஏறத்தாழ 400 பெட்டிகள் கிடைத்தன. நோயாளிகள் உள்ளே வரும்போது கொண்டுவந்த பெட்டிகள். சீப்பு, கடிதம், குழந்தையின் படம். திரும்ப எடுத்துக்கொண்டு போக யாரும் வரவில்லை. ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படம் எடுத்தார். இடிந்த சுவர் எதுவும் அந்தப் படங்களில் இல்லை. ஆனால் பார்க்கிறவர் கண் கலங்காமல் இருக்க முடியாது.

நம் பக்கத்துப் பாழிடங்கள்

பேராவில் பாழடைந்த கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து காஜா அருகே கெல்லி கோட்டை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை கட்டத் தொடங்கியது. அவர் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார், கோட்டை முடியாமலே நின்றுவிட்டது. அதைக் கட்டியவர்களில் நம் தமிழர்கள் உண்டு. கட்டும்போது கொள்ளை நோயில் பலர் மாண்டதாகவும், அதனால் மாரியம்மன் கோயில் கட்டித்தரக் கேட்டதாகவும் சொல்வார்கள். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. கோட்டைக்குப் போகிறவர்கள் பேய்க்கதையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எத்தனை பேர் கோயில்வரை போகிறார்கள்?

அதேபோல் பழைய ரப்பர்த் தோட்டங்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்கள் மருத்துவ வசதி தர வேண்டும் என்றது. அப்படி எழுந்த தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போன பிறகு செம்பனைக்கு நடுவே கூரையற்று நிற்கின்றன. உங்கள் பாட்டி பிறந்த அறை அங்கே இருக்கலாம். இளைஞர்களே, படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை எடுங்கள்.

ஆனால் எச்சரிக்கையோடு எடுங்கள். பழைய கட்டடத்தின் கூரைத் தகடுகளில் கல்நார் இருக்கக்கூடும். உடைந்த தகட்டின் தூசி நுரையீரலில் தங்கினால், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். வௌவால் எச்சம் குவிந்த அறையில் காளான் கிருமி மூச்சோடு போகும். தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல். கறையான் தின்ற பலகைத் தளம் வெளியே பார்க்க உறுதியாகத்தான் தெரியும், காலை வைத்தால் உள்ளே இழுக்கும். சருகு மூடிய பழைய கிணறு கண்ணுக்கே தெரியாது. பாம்பைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, நில உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். கேட்காமல் நுழைவது அத்துமீறல் ஆகலாம். தனியாகப் போகாதீர்கள், இரவில் போகாதீர்கள். தடித்த காலணி, முகக்கவசம், கைவிளக்கு மூன்றும் இருக்கட்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தளம் சந்தேகமாக இருந்தால் வெளியே நின்றே எடுங்கள். ஒரு படத்துக்காகக் காலை இழப்பது வீரமில்லை.

ஒரு பழைய கடன்

கடைசியாக என் சொந்தக் கதை ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு அம்மா இருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர். கிணற்றடியில் நின்று யாரோடோ பேசிக்கொண்டே இருப்பார். நாங்கள் பின்னாலேயே போய் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவுவோம். ஒருநாள் வண்டி வந்து அவரை ஏற்றிப் போனது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பின்னாளில் விசாரித்தேன். அவர் முழுப் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அவருடைய ஒரு படம்கூட இல்லை.

சென்னையில் 1794-இலேயே மனநோயாளிகளுக்குக் காப்பகம் அமைந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். மருந்து இல்லாததாலா? மருத்துவமனை இல்லாததாலா? இல்லை. வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்று வெளியே சொல்ல நமக்கு வெட்கம். அந்த வெட்கம்தான் சங்கிலியானது.

மலேசியாவில் சட்டம் முன்னேறியிருக்கிறது. 2001-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்கிறது. நாம் செய்ய வேண்டியது வீட்டில் இருக்கிறது.

இளைஞர்களே, உங்கள் கையில் இருக்கும் கேமரா நல்ல கருவி. இடிந்த சுவரைப் படம் எடுத்தால், அதன் கீழே அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊரில் முதியவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், அவர்கள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள். பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை விளையாட்டாக அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் சிரிக்காதீர்கள். அது ஒரு மருத்துவமனை என்றும், நம்மவர்கள் பலர் அங்கே வாழ்ந்து மறைந்தார்கள் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

கிணற்றடி அம்மாவுக்கு நான் பட்ட கடனை அப்படித்தான் கொஞ்சமாவது தீர்க்க முடியும்.