நாங்கள் என்னும் சொல்

துப்பி மொழியில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘யாண்டே’, கேட்பவரை விலக்கினால் ‘ஓரெ’. நாம், நாங்கள் என்று பேசிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். பிரேசிலின் ஆட்சிமொழியான போர்த்துகீசியத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

2013இல் தலைநகர் பிரேசீலியாவின் இசைக்குழுவான அராண்டு அராகுவாஆ தன் முதல் ஆல்பத்துக்கு ‘கோ இபி ஓரெ’ என்று பெயரிட்டது. இபி என்றால் நிலம். நிலத்தோடு சேர்ந்து நிற்கும் சொல் ‘நாங்கள்’.

இந்தச் சொல் ஆல்பத்தின் அட்டைக்கு வந்துசேர்ந்த வழி நெடியது. போர்த்துகீசியர் வந்திறங்கிய காலத்தில் கடற்கரை நெடுகப் பேசப்பட்டது துப்பி. பேசியவர்களைக் கொள்ளைநோயும் அடிமைவேட்டையும் அழித்தன. மிஞ்சியிருந்த பொதுமொழியையும் 1757இல் பொம்பால் ஆட்சி கொண்டுவந்த சட்டம் தடுத்தது. மறு ஆண்டில் அச்சட்டம் பிரேசில் முழுமைக்கும் விரிந்தது. பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழியைப் பேசக் கூடாது, போர்த்துகீசியம் மட்டுமே பேச வேண்டும் என்றார்கள். பழைய துப்பி இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை. அதைக் கற்க விரும்புகிறவர், மதம் மாற்ற வந்த பாதிரிமார் எழுதிவைத்த நூல்களைத்தான் பெரிதும் நம்ப வேண்டும். அவற்றில் முதன்மையான அன்சியேட்டாவின் இலக்கணம் 1595இல் அச்சானது. ஒடுக்க வந்தவரின் ஏட்டிலிருந்தே ஒடுக்கப்பட்டவரின் சொல்லை மீட்க வேண்டியிருக்கிறது. நமக்குப் புதிய செய்தி இல்லைதான், ஆனாலும் வலிக்கிறது.

மெட்டல் இசைக்குள் பழங்குடிகள் நுழைந்தது இக்குழுவால் மட்டும் அன்று. 1996இல் செபுல்துரா வெளியிட்ட ‘ரூட்ஸ்’ ஆல்பத்துக்காக மாட்டோ குரோசோவில் ஷவான்டே மக்களின் ஊருக்கே போய்ப் பாடல் பதிந்தார்கள். அட்டையில் இருந்தது பிரேசில் பணத்தாளில் அச்சான பழங்குடி முகம். நல்ல ஆல்பம், நேர்மையான முயற்சியும்கூட. ஆனால் அங்கே ஷவான்டேக்கள் விருந்தாளிகள். குழு உலகம் சுற்றியது, அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

அராண்டு அராகுவாஆ 2008இல் தொடங்கியது. தொடங்கியவர் ஷெரென்டே மக்கள் வாழும் டோகான்டின்ஸ் மாநிலத்தவரான ஸாண்டியோ. மின்கிதாரோடு, நாட்டுப்புறத்துப் பத்துத் தந்தி வியோலாவையும் அவரே வாசிக்கிறார். கூடவே மராக்கா என்னும் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பை. முதல் ஆல்பத்தில் நஜிலா கிறிஸ்டினா மெல்லிய குரலிலும் அடித்தொண்டை உறுமலிலும் மாறிமாறிப் பாடுகிறார். வியோலாவும் போர்த்துகலிலிருந்து கப்பலேறி வந்ததுதான். ‘தூய’ பழங்குடி இசை தேடுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். தூய்மை பேசுகிறவர்களை நாம் பார்க்காததா?

2012இல் சிறிய தொகுப்பு, மறு ஆண்டு முதல் ஆல்பம், 2015இல் இரண்டாவது, 2018இல் மூன்றாவது என்று குழு வளர்ந்தது. இங்கே நம் கவனத்துக்குரியது மொழி. இரண்டாம் ஆல்பத்தின் பெயர் ‘வ்தே நாக்ர்தா’. அது துப்பி அன்று, ஷெரென்டே மக்களின் அக்வே மொழி. பழைய துப்பியில் தவறாகப் பாடினால் புலவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்வேயைப் பேசும் குடும்பங்கள் டோகான்டின்ஸ் ஊர்களில் இன்றும் இருக்கின்றன. உச்சரிப்புப் பிசகினால் அங்கே ஒரு பாட்டியே திருத்திவிடுவார்.