சுக்கானி, பஞ்சரி, முஅல்லிம்: தானியங்கிக் கப்பலின் நூறாண்டு

மாலுமி என்று நாம் எழுதுகிற சொல் அறபியில் முஅல்லிம். கற்றுக் கொடுப்பவர் என்பது அதன் நேரான பொருள். ஓதப்பள்ளியில் அலிஃப், பே சொல்லித் தந்தவருக்கும், நட்சத்திரம் பார்த்துக் கப்பலுக்கு வழி சொன்னவருக்கும் ஒரே பெயர்தான். சுக்கானும் அறபுச் சொல். அதைப் பிடித்து நின்றவன் சுக்கானி. இன்று தமிழில் கப்பலில் வேலை செய்கிற எவரையும் மாலுமி என்று சொல்லிவிடுகிறோம். பழைய கப்பலில் அப்படிச் சொல்லியிருந்தால் ஆட்கள் சிரித்திருப்பார்கள்.

அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபஸ்ல், 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆயினே அக்பரியில் கப்பலாட்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறார். நாகுதா, முஅல்லிம், தண்டயல், சாரங், பண்டாரி என்று போகும் அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது மூவர். முஅல்லிம்: கடலின் ஆழமும் மேடும் தெரிந்தவர், வானநூல் கற்றவர். சுக்கான்கீர், அதாவது நம்ம சுக்கானி: முஅல்லிம் சொல்கிற பக்கம் சுக்கானைத் திருப்புகிறவன். பஞ்சரி: பாய்மர உச்சியில் ஏறி இருந்து கரை, கப்பல், புயல் எது தெரிந்தாலும் கீழே குரல் கொடுக்கிறவன். அறிவு ஒருவரிடம், கை இன்னொருவரிடம், கண் மூன்றாமவரிடம்.

என் தங்கச்சியின் மகன் கொள்கலன் கப்பலொன்றில் அதிகாரியாக இருக்கிறான். போன லீவில் வந்தபோது, இப்ப கப்பல் தானாப் போகுதாமே என்று கேட்டேன். "அது நேத்து இன்டைக்கு வந்ததில்ல மாமா. நடுக்கடல்ல சுக்கானுக்கு ஆள் தேவல்ல, ஓட்டோவில போட்டாச் சரி. ஆனா ராவைக்குக் கண்ணுக்கு ஆள் வேணும்" என்றான். அபுல் ஃபஸ்லைப் படிக்காமலே அவன் சுக்கானியையும் பஞ்சரியையும் பிரித்துப் பேசியது எனக்குப் பிடித்தது. அவன் சொன்னபடி, இந்த மூவரில் யாருடைய வேலையை இயந்திரம் எப்போது எடுத்தது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் போனவன் சுக்கானி. இரும்புக் கப்பலில் காந்தத் திசைகாட்டி தடுமாறும். சுழலும் சக்கரத்தைக் கொண்டு உண்மையான வடக்கைக் காட்டும் ஜைரோ திசைகாட்டி 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் வந்தது. திசை நிலையாகத் தெரிந்தால், அதிலிருந்து கப்பல் விலகும்போது ஒரு மோட்டார் சுக்கானைத் திருப்பட்டுமே என்று எல்மர் ஸ்பெரி என்ற அமெரிக்கர் யோசித்தார். 1922 இல் ஓர் எண்ணெய்க் கப்பலில் அதைப் பரீட்சித்தார்கள். கடலாட்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மெட்டல் மைக்'. இரும்பு மைக்கேல் என்று வைத்துக் கொள்ளலாம். 1930 களுக்குள் நூற்றுக்கணக்கான கப்பல்களில் அது ஏறிவிட்டது.

அதே 1922 இல் வந்த இன்னொரு வேலை பொதுவாசகருக்கு அவ்வளவாகத் தெரியாது. எனக்கோ இந்தக் கதையில் அதுதான் அழகான இடம். நிக்கலஸ் மினோர்ஸ்கி ரஷ்யக் கடற்படையில் இருந்தவர், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இயந்திரத்தைப் பற்றி யோசிக்குமுன் அவர் மனித சுக்கானியைப் பார்த்தார். தேர்ந்த சுக்கானி கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. முனை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்றும் பார்த்து, அது சரியான திசைக்கு வருமுன்னரே சுக்கானைத் தளர்த்திவிடுகிறான். காற்று ஒரே பக்கமாக அடித்துக் கொண்டிருந்தால், அந்த அனுபவத்தைச் சேர்த்து வைத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கிறான். இப்போதைய விலகல், அதன் வேகம், இதுவரை சேர்ந்த விலகல் என்ற இந்த மூன்றையும் மினோர்ஸ்கி கணிதமாக எழுதினார். 1923 இல் 'நியூ மெக்சிக்கோ' என்ற போர்க்கப்பலில் சோதித்தார். வேலை செய்தது. ஆனால் கடற்படை ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. இன்று தொழிற்சாலை வெப்பநிலையிலிருந்து ட்ரோன் வரை கட்டுப்படுத்தும் முறைக்கு அந்தக் கணிதம்தான் அடிப்படை. பெயர் தெரியாத சுக்கானிகளின் கைப்பழக்கம் அதற்குள் இருக்கிறது.

பிறகு எஞ்சின் அறைக்கு வந்தார்கள். நிலக்கரி போய் எண்ணெய் வந்தபோதே அடுப்புக்குக் கரி அள்ளியவர்கள் கூட்டங்கூட்டமாக வேலையிழந்திருந்தார்கள். பிரித்தானியக் கப்பல்களில் அந்த நெருப்பறை வேலையைச் செய்தவர்களில் கணிசமானோர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் பிராந்தியத்தவர், அவர்களிலும் சில்ஹெட் போன்ற இடங்களின் முஸ்லிம்கள் பலர். 1961 இல் ஜப்பானியர் கட்டிய கிங்காசான் மாரு, பிரதான எஞ்சினை மேல்தளத்திலிருந்தே இயக்கும் வசதியோடு வந்தது. அதன் பின் ஆட்தொகை குறைந்து கொண்டே போனது. இதை யாரும் 'தானியங்கிக் கப்பல்' என்று கொண்டாடவில்லை. செலவு மிச்சம் என்றார்கள், அவ்வளவுதான்.

கை போய்விட்டது. கண்ணும் அறிவும் மிஞ்சியிருந்தன. அவை என்ன ஆயின என்பதை இரண்டு விபத்துகள் சொல்கின்றன.

1967 மார்ச் 18. சுமார் 119,000 தொன் மசகெண்ணெயோடு வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவன் துறைக்கு வந்துகொண்டிருந்தது டொரி கெனியன். கடல்வற்று வருமுன் உள்ளே நுழைய வேண்டும் என்ற அவசரத்தில், கப்டன் சில்லித் தீவுகளுக்கும் செவன் ஸ்டோன்ஸ் பாறைகளுக்கும் இடையிலான குறுக்குவழியைப் பிடித்தார். பாறை நெருங்கிய கடைசி நிமிடங்களில் சுக்கானைத் திருப்பச் சொன்னார். சுக்கானி திருப்பினான். கப்பல் திரும்பவில்லை. கைமுறை, தானியங்கிமுறை என்று மாற்றுகிற நெம்புகோல், சுக்கான் சக்கரத்துக்குத் தொடர்பே இல்லாத வேறொரு நிலையில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது நேரம் கடந்துவிட்டது. கோர்ன்வோல் கரையெல்லாம் எண்ணெய். விசாரணை கப்டனையே குற்றவாளியாக்கியது. குறுக்குவழி அவருடைய முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நெம்புகோலை அப்படி அமைத்தவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பொஸ்டனுக்குப் போன ரோயல் மெஜஸ்டி என்ற உல்லாசப் பயணக் கப்பல். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஜீபீஎஸ் அன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. செய்மதியை விட்டுவிட்டு, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. அதைத் தெரிவிக்கத் திரையில் வந்தவை மிகச் சிறிய சில எழுத்துகள். தானியங்கிச் சுக்கானோ ஊகத்தையே உண்மையென்று நம்பி ஓட்டியது. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போயின. சுமார் 34 மணி நேரம் ஒருவருக்கும் தெரியவில்லை. வழியிலிருந்து 17 மைல் விலகி, 1,500 க்கும் அதிகமானோரோடு நண்டக்கட் தீவருகே மணற்திட்டில் ஏறியது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பஞ்சரிகள் தங்கள் வேலையைச் செய்தார்கள். முன்னால் தண்ணீர் நீலமும் வெள்ளையுமாகத் தெரிகிறது என்று காவலாள் சொன்னான். ஆழமற்ற இடத்தின் அடையாளம் அது. அதிகாரி கருவியைப் பார்த்தார், நாம் சரியான வழியில்தான் போகிறோம் என்று இருந்துவிட்டார். கண் இருந்தது, முஅல்லிம் இல்லை.

இந்த இடத்தில் இப்னு மாஜிதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜுல்ஃபாரில், இன்றைய றாஸ் அல் கைமாவில், பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் 1490 அளவில் முடித்த கிதாபுல் ஃபவாயித், முஅல்லிம்களுக்கான நூல். நம்மவர் கட்டுரைகளில் அவர் பெயர் வந்தால், வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அது பிந்திய காலத்து மக்கா வரலாற்றாசிரியர் ஒருவரின் கூற்றிலிருந்து கிளம்பிய கதை. போர்த்துக்கேயப் பதிவுகள் அந்த வழிகாட்டியைக் குஜராத்தி என்கின்றன. ஆய்வாளர் பலர் இப்னு மாஜித் அல்ல என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பெருமையை விடுவதால் நமக்கு ஒரு குறையும் வராது. அவர் எழுதியதைப் படிப்பதுதான் பெருமை. சந்திர மனைகள், காற்றுப் பருவம், விரற்கடை அளவில் நட்சத்திர உயரம் என்பவற்றோடு 'இஷாராத்' என்று அடையாளங்களையும் அவர் கற்பிக்கிறார்: கடலடிச் சேறு, பறவைகள், கடற்பாம்புகள். கணக்கு ஒன்று சொல்லும், கடல் வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒத்துப் பார்க்கிறவர்தான் முஅல்லிம். ரோயல் மெஜஸ்டியில் கணக்கு மட்டும் இருந்தது.

இப்போது இயந்திரம் கண்ணையும் அறிவையும் ஒன்றாகக் கேட்கிறது. நோர்வேயின் யாரா பிர்க்கலான்ட், 80 மீற்றர் நீளம், 120 கொள்கலன் ஏற்றும் மின்சாரக் கப்பல். 2017 இல் அறிவித்து, 2022 இல் உரத்தொழிற்சாலையிலிருந்து பிரெவிக் துறைமுகத்துக்குச் சேவை தொடங்கினார்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டே. அதே ஆண்டு ஜப்பானின் சுசாக்கு, தோக்கியோ விரிகுடாவிலிருந்து இசே விரிகுடாவுக்குப் போய் வர, சுமார் 790 கிலோமீற்றரைப் பெரும்பாலும் தானே ஓடியது. மிக்காகே என்ற இன்னொரு கப்பல் கரையில் கட்டும்போது வடத்தை ட்ரோன் எடுத்துச் சென்றது.

ஆளே இல்லாமல் அத்திலாந்திக்கைக் கடக்க வந்த மேஃப்ளவர் என்ற 15 மீற்றர் படகின் கதை வேறு. 2021 இல் இயந்திரக் கோளாறால் பாதியில் திரும்பியது. 2022 இல் மறுபடி கிளம்பி, மின்பிறப்பாக்கிக் கோளாறால் அசோரஸ் தீவுக்கு ஒதுங்கி, ஒருவழியாக ஹலிஃபக்ஸ் போய்ச் சேர்ந்தது. பார்க்கிற, முடிவெடுக்கிற மென்பொருளால் வந்த தடங்கல் இல்லை இவை. மருமகனிடம் சொன்னேன். "ஸ்பேனரோட ஒரு ஆள் இருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான்.

2024 மார்ச் 26 இல் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி, கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல். பணியாளரில் பெரும்பாலோர் இந்தியர், இலங்கையர் ஒருவரும் இருந்தார். சரியாகப் பொருந்தாத ஒரு கம்பியால் மின்சாரம் நின்றது என்று விசாரணை பின்னர் கண்டது. ஆட்கள் இருந்தும் மோதலைத் தடுக்க முடியவில்லை. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். ஆனால் கப்பலிலிருந்த வழிகாட்டிகள் உடனே தகவல் கொடுத்ததால் பொலிஸார் இருபக்கமும் வாகனங்களை மறித்தார்கள். இல்லாவிட்டால் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது.

சர்வதேச கடல்சார் அமைப்பு 2018 இல் தானியங்கித் தன்மையை நான்கு படிகளாக வகுத்தது. முதற்படியில் இயந்திரம் உதவியாள். நான்காவதில் கப்பலே முடிவெடுக்கும். கட்டாய விதிக்கோவை 2032 இல் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அவர்களது திட்டம். அதற்கான கலந்துரையாடலில் ஒரு விஷயத்தில் உடன்பட்டிருக்கிறார்கள்: எந்தப் படியாயினும் பொறுப்பான கப்டனாக ஒரு மனிதன் இருக்க வேண்டும். அவன் கப்பலில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதாவது முஅல்லிம் கரையேறுகிறார். எந்தக் கரை? அந்த அறை ஒஸ்லோவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், திரையில் நீல வெள்ளைத் தண்ணீரைப் பார்க்கிறவன் கடலில் ஒருநாளாவது நின்றவனாக இருப்பானா? பேருவளையிலிருந்தும் காலியிலிருந்தும் போகிற பிள்ளைகள் கீழ்ப்படியில் ஏறி மேலே வருகிறவர்கள். அந்தக் கீழ்ப்படிதான் முதலில் கழலப் போகிறது. டொரி கெனியனில் போல, நெம்புகோலை அமைத்தவரை விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் இருந்தவனையே விசாரிப்பார்களா என்பதும் தெளிவாகவில்லை.

அபுல் ஃபஸ்லின் பட்டியலை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். பண்டாரி என்ற இடத்தில் நிறுத்தி, அது யார் என்று கேட்டான். கப்பலில் சாமான் சட்டிக்குப் பொறுப்பானவர் என்றேன்.

"அப்ப அவரத்தான் மாமா மொதல்ல எறக்குவாங்க" என்றான். "ஆளில்லாத கப்பல்ல யாருக்கு சோறு?"