பிரிந்து போகும் தேனீக் கூட்டத்தைப் பெட்டிக்கு வரவழைப்பது எப்படி? சீசனுக்கு முன்பே செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துவிட்டு புதுத் துளிர் விடும். அந்த இளம் இலைக்காம்புகளில் சுரக்கும் இனிப்புதான், புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்கு முக்கிய ஆதாரம். ஆனால் தேன் வரத்து தொடங்கும் நேரத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு பயமும் இருக்கும். பெட்டியில் இருக்கும் கூட்டம் பிரிந்து பறந்து போனால், அந்த சீசனின் தேனும் சேர்ந்தே போய்விடும்.

அப்படிப் போகும் கூட்டத்தை மறுபடி பிடிக்க உதவுவதுதான் பொறிப்பெட்டி. காட்டில் இருந்து வரும் கூட்டமும் இதில் குடியேறலாம். காசு கொடுத்து வாங்காமலே ஒரு புதுக் கூட்டம் கிடைத்த மாதிரி.

கூட்டம் ஏன் பிரிகிறது?

பூக்கள் பெருகும்போது தேனீக்களின் எண்ணிக்கை கூடி, பெட்டிக்குள் இட நெருக்கடி ஏற்படும். உடனே வேலைக்காரத் தேனீக்கள் அடையின் அடிப்பகுதியில் புது ராணிக்கான அறைகளைக் கட்ட ஆரம்பிக்கும். புது ராணி வெளிவரும் முன்பே பழைய ராணி, கூட்டத்தில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் மேற்பட்ட தேனீக்களுடன் கிளம்பிவிடும்.

கிளம்பிய கூட்டம் முதலில் பக்கத்தில் ஏதாவது ஒரு கிளையில் கொத்தாகத் தொங்கும். அங்கிருந்து சாரணத் தேனீக்கள் வீடு தேடிப் போகும். நல்ல இடத்தைப் பார்த்துவிட்டு வந்த தேனீ, கொத்தின் மேல் நடனமாடி திசையையும் தூரத்தையும் சொல்லும். ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாயர் 1950களில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

தேனீக்கு எப்படிப்பட்ட வீடு பிடிக்கும்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் சீலி இதைச் சோதித்துப் பார்த்தார். ஐரோப்பியத் தேனீக்கள் சுமார் 40 லிட்டர் கொள்ளளவு, சுமார் 12.5 சதுர செ.மீ. அளவுள்ள சின்ன வாசல், தரையிலிருந்து நல்ல உயரம் ஆகியவற்றை விரும்பின. வாசல் கீழ்ப்பக்கம் இருப்பதும், உள்ளே பழைய அடை இருப்பதும் அவற்றுக்குப் பிடித்தது.

நம்ம ஊர் இந்தியத் தேனீ உருவத்தில் சிறியது. கூட்டமும் சிறியது. அதற்கு அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. நியூட்டன் பெட்டியின் புழு அறை அளவே போதும். பெட்டி இல்லாதவர்கள் மண்பானையையும் பயன்படுத்தலாம்.

தயார் செய்வது எப்படி?

* பழைய பெட்டியாக இருந்தால் நன்றாகச் சுரண்டி, கழுவி, வெயிலில் காய வைக்க வேண்டும். புதிய பெயின்ட் வாசனை இருக்கவே கூடாது.
* இடுக்குகளை அடைத்து, ஒரே ஒரு சின்ன வாசல் மட்டும் விட வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.
* உள்பக்கத்திலும் சட்டங்களின் மேல்கட்டையிலும் தேன்மெழுகை உருக்கித் தடவலாம்.
* வாசல் அருகே எலுமிச்சைப்புல் எண்ணெய் சில சொட்டுகள் போதும். தேனீக்கள் தங்கள் கூட்டத்தை அழைக்க வெளியிடும் மணத்தில் உள்ள சில பொருட்கள் இந்த எண்ணெயிலும் இருக்கின்றன.
* தேனையோ சர்க்கரையையோ உள்ளே வைக்கக் கூடாது. எறும்பும், திருட வரும் மற்ற தேனீக்களும்தான் வந்து சேரும்.

எங்கே வைக்க வேண்டும்?

நிழலான, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் நல்லது. மரத்தில் உயரமாக வைப்பது தேனீக்குப் பிடிக்கும் என்றாலும், கூட்டம் குடியேறிய பிறகு பெட்டியின் எடை கூடும் என்பதை மறக்கக் கூடாது. ஏணியில் நின்று தனியாக இறக்க முடியாத உயரம் வேண்டாம். காற்றில் ஆடாமல் கட்டி, கயிற்றில் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பு ஏறாது.

கூட்டம் பிரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பெட்டி அங்கே இருக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நாலைந்து தேனீக்கள் வந்து வாசலை மோப்பம் பிடித்துப் போனால், அவை சாரணத் தேனீக்களாக இருக்கலாம். மகரந்தம் சுமந்த தேனீக்கள் உள்ளே போனால், கூட்டம் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

குடியேறிய பிறகு?

உடனே திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். தொந்தரவு செய்தால் இந்தியத் தேனீ கூட்டை விட்டே ஓடிவிடும். அடை கட்டத் தொடங்கியதும், எல்லாத் தேனீக்களும் திரும்பிய பின் இரவில் வாசலை வலையால் மூடி இடம் மாற்றலாம். தேவைப்பட்டால் சில நாட்களுக்கு ராணித் தடுப்பு வாயில் பொருத்தி, சரிபாதி அளவில் கலந்த சர்க்கரைப் பாகு கொடுக்கலாம்.

முக்கிய எச்சரிக்கை

1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூட்டங்களை அழித்தது. பல குடும்பங்கள் தொழிலையே இழந்தன. எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத கூட்டத்தை முதல் நாளே மற்ற பெட்டிகளுக்கு நடுவில் வைப்பது ஆபத்து. சில வாரங்கள் தள்ளி வைத்து, புழுக்கள் பை போல ஊதி இறந்து கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நோய் வந்த கூட்டின் அடையைப் பொறிப்பெட்டியில் வைக்கவே கூடாது.

பொறி வைத்தால் கூட்டம் கட்டாயம் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதனால் சீசன் நேரத்தில் சொந்தப் பெட்டிகளில் ராணி அறைகள் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதும், இடம் பற்றாவிட்டால் கூட்டத்தை நாமே பிரித்து வைப்பதும்தான் முதல் வழி. அதையும் மீறிப் பறக்கும் கூட்டத்துக்குத்தான் பொறிப்பெட்டி.