அரிதாய் இருத்தலும் அரிதாகிப் போதலும்

ஓர் உயிரினத்தை அரிது என்று சொல்லும்போது பெரும்பாலும் எண்ணிக்கையையே மனத்தில் கொள்கிறோம். அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் டெபோரா ரபினோவிட்ஸ் 1981இல் இந்தப் பார்வையை விரிவாக்கினார். ஓர் இனம் எவ்வளவு பெரிய நிலப்பரப்பில் பரவியிருக்கிறது, எத்தனை வகை வாழிடங்களை ஏற்கிறது, இருக்கும் இடத்தில் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று மூன்று கேள்விகளை அவர் எழுப்பினார். இவற்றுக்கான விடைகளைச் சேர்த்தால் எட்டு வகைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்று மட்டுமே பரவலான இனம். மற்ற ஏழும் ஏழு விதமான அரிய இனங்கள். இன்றும் பயன்படும் வகைப்பாடு இது. ஆனால் ஓர் இனம் எப்படி அரிதாய் இருக்கிறது என்பதைத்தான் இது சொல்கிறது. எதனால் அப்படி ஆனது என்பதைச் சொல்வதில்லை. பாதுகாப்புக்கு வேண்டியது இரண்டாவது கேள்விக்கான விடையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வரையாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது, நீலகிரியிலிருந்து அகத்தியமலை வரையுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அந்த உயரங்களிலும் எல்லா இடமும் அதற்கு ஏற்றதன்று. மேய்வதற்குப் புல்வெளி வேண்டும்; புல்வெளியை ஒட்டியே செங்குத்துப் பாறைச்சரிவும் வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ நெருங்கினால் மந்தை முழுவதும் அந்தச் சரிவில் இறங்கிவிடும். பாறை இல்லாத புல்வெளியில் அதற்குப் பாதுகாப்பில்லை. புல் இல்லாத பாறையில் உணவில்லை. இரண்டும் சேரும் விளிம்புகள் குறைவு என்பதால் வரையாடும் குறைவு. எனினும் அந்த விளிம்பு கெடாமல் இருக்கும் இடத்தில் அது செழிப்பாகவே வாழ்கிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கில் காணலாம். அதே மலைகளில் பூக்கும் குறிஞ்சியும் அவ்வாறே: பரப்பு குறுகியது, ஆனால் பூத்த ஆண்டில் சரிவு முழுவதும் நிறைந்திருக்கும்.

இந்த இயற்கையான அருமை வரையாட்டுக்கு ஆபத்தாக இருக்கவில்லை. ஆபத்து, புல்வெளியைத் தரிசு நிலமாகக் கண்ட பார்வையிலிருந்து வந்தது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று சீகையும் தைல மரமும் அங்கே நடப்பட்டன. பாறை அப்படியே நின்றது. அதனோடு சேர்ந்திருந்த புல் போயிற்று. நடுவதை நிறுத்திய பிறகும் சீகை தானாகவே பரவுகிறது. ஆக, வரையாட்டின் அருமையில் இரண்டு அடுக்குகள் உள்ளன. ஒன்று நெடுங்காலமாக இருந்துவருவது; மற்றொன்று கடந்த இரு நூற்றாண்டுகளில் நாம் ஏற்றிவைத்தது. கணக்கெடுப்பு எண் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,031 என்றது. 2025இல் அது 1,303 ஆனது. மெதுவாகப் பெருகும் ஒரு விலங்குக்கு ஓராண்டில் இவ்வளவு உயர்வு என்றால், கணக்கெடுத்த பரப்பு விரிந்ததையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளின் கதை ரபினோவிட்ஸின் வகைப்பாட்டுக்கே சவால் விடுகிறது. 1980களில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் ஊர்ப்புறம், காடு, நகரக் குப்பைமேடு என எங்கும் கூட்டங்கூட்டமாக இருந்தது. மூன்று கேள்விகளுக்கும் அன்று அதன் விடை 'பரவலான இனம்' என்பதே. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் அது 99.9 விழுக்காடு அழிந்தது. காடு அழிந்ததாலோ வேட்டையாலோ உணவுப் பஞ்சத்தாலோ அன்று. பாகிஸ்தானில் இறந்துகிடந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்புபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்று லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் 2004இல் நிறுவினர்.

இதில் என்னை மிகவும் கலங்க வைப்பது ஒரு சிறிய எண். கால்நடைப் பிணங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து எஞ்சியிருந்தாலே இத்தனை பெரிய வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கீடுகள் காட்டின. காரணம் பாறின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஒரே பிணத்தில் பத்துக்கணக்கான பறவைகள் கூடி உண்ணும். ஒரு மாட்டில் இருக்கும் நஞ்சு ஒரு கூட்டத்தையே கொல்லும். இணை ஒன்று ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். குஞ்சு இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்டச் சுமார் ஐந்தாண்டுகள் ஆகும். நீண்ட ஆயுளை நம்பிய இந்த ஏற்பாடு, முதிர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் சாகத் தொடங்கியதும் தாங்கவில்லை. இரை தேடுவதும் கூட்டாகவே நடப்பது: ஒன்று இறங்குவதைக் கண்டு மற்றவை வரும். வானில் பறவைகள் குறையக் குறைய, எஞ்சியவற்றுக்கு இரையைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. அருமையே அருமையை வளர்க்கிறது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் எண்ணிக்கையோடு வீழ்ச்சியின் வேகத்தையும் கணக்கில் கொள்கிறதே என்று இங்கே கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த அளவுகோல் வீழ்ச்சி நடந்த பிறகே பேசும். வெண்முதுகுப் பாறு அப்பட்டியலில் மிக ஆபத்தான நிலைக்கு 2000ஆம் ஆண்டில் வந்தபோது பெரும்பாலான பறவைகள் மறைந்துவிட்டிருந்தன. ஆண்டுக்கு ஒரு முட்டை, கூட்டாக உண்ணல், மனிதன் வளர்க்கும் மாட்டை உணவாகச் சார்ந்திருத்தல் ஆகிய மூன்றும் 1980களிலேயே தெரிந்திருந்தவை. எண்ணிக்கை மிகுந்திருந்ததால் யாரும் அவற்றை ஆபத்தாகப் படிக்கவில்லை.

எனவே அரிய இனங்களின் பட்டியலை மட்டும் பார்த்துப் பாதுகாப்பைத் திட்டமிடுவது போதாது. வரையாட்டுக்குச் செய்ய வேண்டியது சீகையை அகற்றிப் புல்லை மீட்பது. தமிழ்நாட்டின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்குச் செய்ய வேண்டியது மருந்துக் கடையிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருக்கிறது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபெனுக்கும் அசிக்ளோஃபினாக்குக்கும் தடை வர 2023 ஆயிற்று. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலோக்சிகாம் இந்தக் காலம் முழுவதும் கையில் இருந்தது. கால்நடைகளுக்கான எந்த வலி மருந்தும் பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிறுவப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். அதைச் சட்டமாக்குவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.