நாடாவிலிருந்து போர்வைக்கு: ‘ஸ்வாடில்’ என்ற சொல்லின் கதை

பச்சிளம்பிள்ளையை மெல்லிய துணியில் பொதிந்து தூங்கவைப்பதை ஆங்கிலத்தில் இன்று ‘ஸ்வாடில்’ என்கிறார்கள். அந்தச் சொல் முதலில் குறித்தது நாடாக் கட்டை. புண்ணுக்குக் கட்டுப்போடுவதைச் சொல்லும் ‘ஸ்வேத்’ அதற்கு நெருங்கிய உறவு. கைகளை விலாவோடு ஒட்டவைத்து, கால்களை நீட்டி, பிள்ளையின் உடம்பு முழுவதையும் நீளமான துணி நாடாவால் சுற்றிக் கட்டினார்கள். இப்படிக் கட்டும் விதத்தைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் சொரானஸ் விரிவாக எழுதிவைத்தார். ஃபுளோரன்ஸ் நகரத்து அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் முகப்பில் ஆந்திரேயா தெல்லா ரோபியா 1487 வாக்கில் பதித்த சுடுமண் குழந்தைகளின் மேல் அந்தச் சுற்றுகளை இன்றும் பார்க்கலாம்.

இரண்டும் பிள்ளையைச் சுற்றுவதுதானே, துணியின் அகலத்தைத் தவிர என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நோக்கமே வேறு. பிஞ்சு எலும்பு மெழுகுபோல் வளையும், கட்டாவிட்டால் கோணிப்போகும் என்று அன்று நம்பினார்கள். இதை வெறும் மூடத்தனம் என்று தள்ளுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கால் வளைந்த பிள்ளைகள் இங்கிலாந்தில் அவ்வளவு பேர் இருந்ததால்தான் 1650இல் பிரான்சிஸ் கிளிசன் ரிக்கெட்ஸ் நோய்க்கென்றே ஒரு நூல் எழுதினார். தாய்மார்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கண்டுபிடித்த வைத்தியம்தான் தவறு. வெயில் படாமல் மூடிவைத்தால் அந்த நோய் குறையாது. 1748இல் பிரிஸ்டல் மருத்துவர் வில்லியம் கடோகன் இந்தக் கட்டைச் சாடி எழுதினார். 1762இல் ரூசோவின் ‘எமில்’ அதே குரலை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. இங்கிலாந்தில் வழக்கம் மெல்ல மறைந்தது.

வழக்கம் போனாலும் சொல் போகவில்லை. குழந்தை இயேசுவைப் பற்றிய பைபிள் வாசகத்தில் ஒண்டிக்கொண்டது. அயர்லாந்தில் அது வசவாகக்கூட ஆனது. டப்ளினில் மெதடிஸ்ட் மரபில் வந்த போதகர் ஜான் செனிக் அந்த வாசகத்தை வைத்துப் பிரசங்கம் செய்ய, அது பைபிளில் உள்ளது என்றறியாத ஒருவர் கேலி செய்தாராம். அதிலிருந்து மெதடிஸ்டுகளுக்கு ‘ஸ்வாட்லர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1914இல் வெளிவந்த ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ கதையொன்றிலும் தெருப்பிள்ளைகள் இப்படிக் கத்துகிறார்கள். இவ்வாறு பொருள் கழன்றுபோயிருந்த சொல்லுக்கு 1990களில் புதுவேலை கிடைத்தது. திடீர் மரணத்தைத் தவிர்க்கப் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்குமாறு அமெரிக்க மருத்துவர்கள் சொன்னார்கள். மல்லாக்கக் கிடந்து திடுக்கிட்டு விழிக்கும் பிள்ளையை அமர்த்தத் துணிச்சுற்று பரவியது, பழைய பெயரோடு. கால்கள் மடங்கி அசைய இடம்விட்டுச் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு கெடும் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. கால்களை நீட்டிக் கட்டிய பழைய முறைக்கு இது நேர் எதிர். ஆகவே கடோகனைக் காட்டி இன்றைய தாயைக் கண்டிப்பதும் தவறு, பழம்பெரும் மரபு என்று சொல்லித் துணி விற்பதும் தவறு. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இருந்த ‘ஸ்வாட்லிங்’ 1978இல் வந்த புதிய பன்னாட்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் இல்லை. அங்கே வெறும் துணிகள்தான். தமிழ்ப் பைபிளில் முன்பே அப்படித்தான்.